படத்தின் முதுகில் எழுதியிருப்பது

கேள்வி:

ஐயா, வணக்கம். மளுக்கப்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இடம் கேரளா என்றாலும் எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு தமிழ்தான். எஸ்டேட்டை ஒட்டிய காட்டில் ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைக்கிறது. மூன்று வருடமாகப் பார்த்துவருகிறேன். இந்த வருடம் பெட்டை உள்ளே போய் அடைந்துகொண்ட பிறகு, ஆண் பழம் ஊட்டுவதைப் போனில் படம் எடுத்துப் பறவைப் படக்காரர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் போட்டேன். எந்த இடம் என்று பலர் கேட்டார்கள், ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கார்களில் ஆறு பேர் வந்து நேராக அந்த மரத்தடிக்கே போய் நின்றார்கள். ஒருவர் போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அன்று மதியம் வரை ஆண் பறவை கூட்டுக்கு வரவில்லை.

அங்கே சிக்னலே கிடையாது. பிறகு போனுக்கு எப்படி இடம் தெரியும்? என் எல்லாப் படங்களிலும் இது இருக்கிறதா? லொகேஷனை ஒரேயடியாக அணைத்துவிடட்டுமா? நீங்கள் பார்ப்பதற்காக அந்தப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், மளுக்கப்பாறை

பதில்:

அன்புத் தம்பி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மரம் இருக்கும் பக்கத்தை அடையாளம் காட்டும் இரண்டு வரிகள் உங்கள் கடிதத்தில் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கடிதத்தையும் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். நீங்கள் இணைத்த படத்தையும் பார்த்து முடித்ததும் என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன். ஏனென்றால் அதிலும் இடம் இருந்தது.

படத்தைத் திறந்தேன். பொந்தின் வாயில் ஒரு கீறல் போன்ற இடைவெளி, அதில் பெட்டையின் அலகு நுனி, எதிரே ஆண் பறவை அலகில் பிடித்திருக்கும் அத்திப்பழம். அருமையான படம். அப்புறம் அதன் விவரங்களைத் திறந்தேன். எடுத்த நேரம் காலை 7.34. தனியாக இன்னொரு நேரம் 2.04 என்று இருந்தது. அது செயற்கைக்கோள் தந்த உலக நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அதற்குக் கீழே வடக்கு 10 பாகை, கிழக்கு 76 பாகை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், ஆனால் படத்தில் எழுதியிருக்கிறது. பாகைக்குப் பின் நிமிடம், நிமிடத்துக்குப் பின் வினாடி, வினாடியிலும் பின்னம். ஒரு பாகை என்பது தரையில் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். அதை அறுபதாகப் பிரித்தால் ஒரு நிமிடம், அது 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதையும் அறுபதாகப் பிரித்தால் ஒரு வினாடி, அது சுமார் 31 மீட்டர். வினாடியின் பின்னம் வரை எழுதியிருந்தால், நீங்கள் எந்தப் பாறைமேல் நின்றீர்கள் என்பதே கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அந்த எண்களை வரைபடச் செயலியில் போட்டால் போதும், அது வழி சொல்லும். காரில் வந்தவர்கள் செய்தது அதுதான். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பது உண்மை. படம் சொல்லிவிட்டது.

இந்தக் குறிப்புகளுக்கு எக்ஸிஃப் என்று பெயர். டிஜிட்டல் கேமராக்கள் பரவத் தொடங்கிய காலத்தில், 1995ல், ஜப்பானியத் தொழில்துறைச் சங்கம் ஒன்று வகுத்த முறை இது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், திறப்பு எவ்வளவு, ஷட்டர் வேகம் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பதற்கான ஏற்பாடு. பழைய ஸ்டூடியோக்களில் பிரிண்ட் போட்ட படத்தின் முதுகில் பென்சிலால் தேதியும் ஊரும் எழுதிவைப்பார்களே, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், பென்சில் எழுத்தை எழுதியவருக்கு அது நினைவிருக்கும். போன் எழுதுவது நமக்குத் தெரிவதில்லை. படத்தை யாருக்காவது கொடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் கொடுப்பதாக நினைக்கிறோம், முதுகும் சேர்ந்தே போகிறது.

சிக்னல் இல்லாத இடத்தில் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சந்தேகம் மலைப்பக்கத்து நண்பர்கள் பலருக்கும் இருக்கிறது. போன் டவர் வேறு, ஜிபிஎஸ் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பு காதில் விழுந்தால், எது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அதற்கு சிம் கார்டுகூட வேண்டாம். டவர் இருந்தால் முதல் கணக்கு சீக்கிரம் முடியும், இல்லையென்றால் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும். திறந்த வெளியில் ஒரு சாதாரணப் போன் 5 மீட்டர் சுற்றளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் பிழை கூடும். உங்கள் படம் காட்டிலே எடுத்ததால் கொஞ்சம் தள்ளியிருந்திருக்கலாம். ஆனால் இருவாச்சி கூடு வைக்கிற மரம் சின்ன மரமா? அருகில் வந்துவிட்டால் அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் எழுதியிருந்த இன்னொரு குழப்பமும் இதனால்தான் வருகிறது. ஒரே மரத்தடியில் எடுத்த படங்களில் சிலவற்றை கேலரி 'மளுக்கப்பாறை' என்றும் சிலவற்றை 'வால்பாறை' என்றும் காட்டுவதாகச் சொல்லியிருந்தீர்கள். படத்துக்குள் பெரும்பாலும் ஊர்ப் பெயர் எழுதப்படுவதில்லை, எண்கள் மட்டுமே. அந்த எண்ணுக்கு எந்த ஊர் பக்கம் என்று செயலி பிறகு தேடிப் பெயர் போடுகிறது. எல்லையோரத்தில் அந்தத் தேடல் இப்படியும் அப்படியும் சாயும். பெயர் தப்பாக இருக்கிறதே, யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எண் சரியாகவே இருக்கும்.

சரி, படம் எப்படிப் போனது என்பதற்கு வருவோம். உங்கள் கடிதத்தின் நடுவே ஒரு வரி: 'குழு அட்மின் சொன்னபடி தரம் குறையாமல் டாக்குமெண்டாகப் போட்டேன்.' எல்லாம் அந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது. வாட்ஸாப்பில் படத்தைச் சாதாரணமாக, படமாகவே அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிப் புதிய நகல் ஒன்று செய்து அனுப்புகிறது. அந்த நகலில் இருப்பிடக் குறிப்பு இருக்காது. டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அசலாக, ஒரு எழுத்துக்கூட மாறாமல் போகும். தரம் குறையாது, முதுகில் எழுதியதும் குறையாது. டெலிகிராமிலும் இதே கதைதான்: படமாக அனுப்பினால் குறிப்பு நீங்கும், ஃபைலாக அனுப்பினால் நீங்காது. மின்னஞ்சலில் இணைத்தாலும், கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு கொடுத்தாலும், பக்கத்திலிருப்பவருக்கு புளூடூத்தில் தள்ளினாலும் அசலே போகிறது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பார்ப்பவர்களுக்குக் காட்டும் நகலில் இந்தக் குறிப்பை எடுத்துவிடுகின்றன, ஆனால் ஏற்றும்போது அந்த நிறுவனத்திடம் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

அட்மின் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. படத்தின் இறகு ஒவ்வொன்றும் தெரியவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் குழுவில் இருநூறு பேர் இருந்தால், ஒருவர் அதை இறக்கி கேலரியில் திறந்து விரலால் மேலே தள்ளிப் பார்த்தால் போதும், வரைபடம் வந்து நிற்கும்.

இதில் எனக்கும் ஒரு காயம் உண்டு. பத்திரிகைப் படப்பிரிவில் 22 வருடம் இருந்தவன் நான். ஒரு சமயம், வயதுக்கு முன்னே நடக்கவிருந்த கல்யாணத்திலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண் பிள்ளையின் செய்தி. அவள் தங்கியிருந்த இல்லத்தில் எடுத்த படம் என் மேசைக்கு வந்தது. முகத்தை மங்கலாக்கினேன், பெயரை மாற்றினோமா என்று இரண்டு முறை பார்த்தேன், பின்னால் சுவரில் இருந்த பலகையைக்கூட வெட்டினேன். கோப்பின் உள்ளே பார்க்கவில்லை. படம் இணையப் பக்கத்தில் ஏறி முக்கால் மணி நேரம் கழித்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, 'இல்லம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று உங்கள் படத்திலேயே இருக்கிறதே' என்றார். உடனே எடுத்தோம். அந்தப் பிள்ளையை அன்றிரவே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அவளுக்கு அது இன்னொரு முறை மூட்டை கட்டிய இரவு. அதன்பின் ஒரு படத்தையும் உள்ளே பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை.

உலகம் அறிந்த உதாரணமும் உண்டு. 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுக் காவல்துறைக்குப் போக்குக் காட்டித் தலைமறைவாக இருந்த கணினிப் பாதுகாப்புத் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை தன் தளத்தில் போட்டது. அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பத்திரிகை சொல்லவில்லை. படத்தின் குறிப்பில் குவாத்தமாலாவின் ஓரிடம் அப்படியே இருந்தது. இரண்டே நாளில் கைதானார். வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர் பெற்றவருக்கே அது நேர்ந்தது என்றால், எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நீங்கள் உங்களையே நொந்துகொள்ள ஒன்றுமில்லை.

இப்போது செய்யவேண்டியது. குழுவில் போட்ட படத்தை 'எல்லோருக்கும் அழி' என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று நாள்தான் கெடு, தாண்டிப்போயிருக்கும். அழிந்தாலும் இறக்கி வைத்தவர்களிடம் இருக்கும். ஆகவே படத்தைத் திரும்பப் பெறுவதில் நேரத்தைச் செலவிடாமல், மரத்தைக் காப்பதில் செலவிடுங்கள். அடுத்த ஞாயிறுக்குள் மளுக்கப்பாறை வனத்துறை நிலையத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அது வாழச்சால் வனக்கோட்டம். அங்கே காடர் பழங்குடி மக்கள் பல வருடங்களாக இருவாச்சிக் கூடுகளைக் கணக்கெடுத்துக் காவல் காத்துவருகிறார்கள். அவர்களில் உங்களுக்குத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்ணில் படாமல் அந்தக் காட்டுக்குள் யாரும் இரண்டாம் முறை போவது கடினம். கேட்பவர்கள் 'படம்தானே எடுத்தோம்' என்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. இருவாச்சியோ அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டை பொந்துக்குள் போனதும் வாயை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். முட்டை பொரிய நாற்பது நாள் ஆகும், அதற்குப் பின் குஞ்சு வளரவேண்டும். பெட்டை உள்ளே இருக்கும் அத்தனை நாளும் அதற்குச் சோறு போடுவது அந்த ஆண் ஒன்றுதான். மரத்தடியில் ஆள் நின்றால் அது தூரத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், கிட்டே வராது. நல்ல பொந்து கிடைப்பது அரிது என்பதால் ஒரே பொந்தை வருடம் தவறாமல் நாடி வருகிற பறவை அது. அந்த இடம் ஒருமுறை வெளியே போனால் ஒரு வருடத்தோடு முடியாது.

லொகேஷனை ஒரேயடியாக அணைத்துவிடட்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம் தம்பி. இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இருப்பார்கள். ஆனால் நீங்கள் மூன்று வருடமாக ஒரே மரத்தைப் படம் பிடித்திருக்கிறீர்கள். பெட்டை எந்தத் தேதியில் உள்ளே போனது, ஆண் எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பழம் கொண்டுவந்தது என்பதெல்லாம் தேதி, நேரம், இடத்தோடு உங்கள் போனில் இருக்கிறது. யாரும் எழுதச் சொல்லாமல் நீங்கள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் அது. அணைத்துவிட்டால் இனி எடுப்பவை வெறும் அழகான படங்களாக மட்டும் இருக்கும். பத்து வருடம் கழித்து ஒரு ஆராய்ச்சியாளர் வந்து கேட்டால், 'எங்கேயோ, எப்போதோ' என்று சொல்லவேண்டிவரும். அசலில் குறிப்பு இருக்கட்டும். வெளியே போகிற நகலில் இருக்கக்கூடாது. இதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு வழிகள் எளியவை. உங்கள் ஆண்ட்ராய்டு போனில், அனுப்பவேண்டிய படத்தைத் திரையில் விரித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்பினால் போதும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு அசலின் முதுகு ஒட்டாது, தரம் மட்டும் குறையும். தரம் வேண்டுமென்றால் கணினியில் ஏற்றி, விண்டோஸ் என்றால் படத்தின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ் என்று போனால் கீழே விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. 'நகல் ஒன்று உருவாக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அப்போது அசல் தப்பிக்கும். நிறையப் படங்கள் இருந்தால் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பில் ஹார்வி என்ற கனடாக்காரர் 2003 முதல் தனியொருவராக வளர்த்துவருவது. ஆயிரம் படத்தின் இருப்பிடத்தை ஒரே கட்டளையில் நீக்கும். அது நீக்கும்போது பழைய கோப்பைப் பெயருக்குப் பின்னால் 'ஒரிஜினல்' என்ற வால் ஒட்டி அதே இடத்தில் வைத்திருக்கும். ஃபோல்டரை மொத்தமாக ஒருவருக்குக் கொடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் பகிரும் திரையின் மேலே ஆப்ஷன்ஸ் என்பதைத் தொட்டு, லொகேஷனை அங்கேயே அணைத்து அனுப்பலாம்.

எதைச் செய்தாலும், அனுப்பும் முன் அந்த நகலைத் திறந்து விவரங்களை ஒருமுறை பாருங்கள். வரைபடம் வந்தால் வேலை முடியவில்லை.

குறிப்பை நீக்கியதும் எல்லாம் ஆயிற்று என்றும் இல்லை. உங்கள் படத்தில் பறவைக்குப் பின்னால், இடது ஓரத்தில், மின்கம்பம் ஒன்று தெரிகிறது. அதன் தகட்டில் எண் இருக்கிறது, பெரிதாக்கினால் படிக்கலாம். மளுக்கப்பாறையில் பிறந்து வளர்ந்தவருக்கு ஒரு மேட்டின் வளைவே போதும். ஆகவே கூட்டுப் படங்களில் பின்னணியைக் கறாராக வெட்டிவிடுங்கள். கோப்பின் பெயரிலும் தேதியும் நேரமும் இருக்கும், அதையும் மாற்றுங்கள். கூட்டுப் படத்தைக் குஞ்சு பறந்துபோன பிறகே வெளியிடுவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. என் மனதுக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும் என்று ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிய விரும்பினால், இடத்தை மறைத்துக் காட்டும் வசதி அங்கே இருக்கிறது. மறைத்தால், சரியான புள்ளிக்குப் பதிலாகச் சுமார் 22 கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கேயோ ஒரு புள்ளியைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். உங்கள் பதிவில் சரியான இடம் பத்திரமாக இருக்கும். பதியும்போது அந்தத் தேர்வை மறக்காமல் தொடுங்கள்.

உங்கள் மற்றப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம், எல்லாவற்றிலும் இருக்கிறது. அக்கா குழந்தைகள் லயத்து வாசலில் விளையாடும் படம், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படம், அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகுக்கு முன் எடுத்துவைத்த படம் எல்லாவற்றிலும். அவற்றை யாருக்காவது டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். உறவினருக்கு அனுப்பியதென்றால் கவலைப்படவேண்டாம். பழைய பொருள் விற்கும் பக்கங்களில் வீட்டு வாசலில் வைத்து எடுத்த படம் ஏதாவது போட்டிருந்தால், அதை எடுத்துவிட்டு ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பப் போடுங்கள்.

வனத்துறை நிலையத்துக்குப் போகும்போது அந்த அசல் படத்தைக் கொண்டுபோங்கள். அவர்களுக்கு அந்த எண்கள் தேவைப்படும். குழுவில் அதை முதலில் இறக்கியவர் யார் என்று தேடிச் சண்டைக்குப் போகவேண்டாம். என்ன நடந்தது என்பதைப் பெயர் சொல்லாமல் குழுவிலேயே எழுதுங்கள். அதில் பாதிப் பேருக்காவது இது தெரிந்திருக்காது.

ஆண் பறவை திரும்ப வரத் தொடங்கிவிட்டதா என்று கடிதத்தில் இல்லை. அதை எனக்கு எழுதுங்கள். கிட்டே போய்ப் பார்க்கவேண்டாம், எஸ்டேட் ரோட்டிலிருந்து இறக்கைச் சத்தம் கேட்டாலே தெரிந்துவிடுமே. குஞ்சு வெளியே வந்த பிறகு படம் அனுப்புவதாக இருந்தால் வாட்ஸாப்பில் சாதாரணப் படமாகவே அனுப்புங்கள். இறகு ஒவ்வொன்றும் தெரியாவிட்டாலும் எனக்குப் போதும்.